அயலான் வழிபாடும் அரசாங்கச் சட்டமும்

"புதுச் சபைகளைத் தடைசெய்ய ஒரு சட்டம் வேண்டும்" என்னும் பேச்சு வன்னிப் பெருநிலப்பரப்பிலே புதிதன்று. கோயிற் பரிபாலன சபைக் கூட்டங்களிலும், செத்தவீட்டுத் திண்ணைகளிலும், பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடைகளிலும் அஃது அடிக்கடி காதில் விழுகின்றது. படித்தவரும் படியாதவரும் ஒரே குரலிற் சொல்லும் விடயங்கள் நம்மிடையே மிகச் சில. இஃது அவற்றுள் ஒன்று. எல்லாரும் ஒரே குரலில் ஒன்றைச் சொல்லும்போது ஆசிரியத் தொழில் செய்பவனுக்குச் சிறிது ஐயம் பிறத்தல் இயல்பு. வகுப்பிலே நாற்பது மாணவரும் ஒரே விடையை எழுதியிருந்தால் அவ்விடை சரியாயிருக்கலாம். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியும் இருக்கலாம்.

சில மாதங்களின் முன் கிளிநொச்சிப் பக்கத்துக் குடியேற்றக் கிராமம் ஒன்றிலிருந்து மூவர் என்னிடம் வந்தனர். கையிலே ஒரு மனுவுக்கான குறிப்பு இருந்தது. "சேர், நீங்கள் நல்ல தமிழிலை எழுதித் தந்தால் பிரதேச செயலகத்திலை எடுபடும்" என்றார் மூத்தவர். அவர்களுடைய பிள்ளையார் கோயிலுக்கு நூறு யார் தொலைவிலே, தகரக் கூரையும் தறப்பாள் மறைப்புமாக ஒரு ஜெபவீடு எழுந்திருக்கின்றதாம். வெள்ளியிரவிலும் ஞாயிறு காலையிலும் ஒலிபெருக்கி ஓயாது. சிறுவருக்கு இனிப்பும் அப்பியாசக் கொப்பியும் கொடுத்து அழைக்கின்றனர். நோயாளியொருவருக்கு மருந்து வேண்டாம், ஜெபம் போதும் என்று சொன்னதாகவும் கேள்வி. எல்லாவற்றுக்கும் மேலாக, போரிலே இரு பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு தாய் திருநீறு அணிவதை விட்டுவிட்டாள், வீட்டில் விளக்கேற்றுவதில்லை. "அந்த மனிசியின்ரை மூளையைக் கழுவிப் போட்டினம்" என்றான் உடன்வந்த இளைஞன்.

ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒலிபெருக்கி உண்மை, எவரும் சென்று கேட்கலாம். மருந்தைத் தடுத்த கதை உண்மையாயின் அது பொலீஸாருக்கு உடனே சொல்லவேண்டிய காரியம்; ஆனால் நோயாளி யார் என்பது மூவருக்கும் தெரியாது. கொப்பி கொடுத்தமை பற்றி எந்தப் பெற்றோரும் முறையிடவில்லை. அந்தத் தாயோ எவர்மீதும் குறை சொல்லவில்லை. குறை சொல்பவர் அயலவரே. "2009க்குப் பிறகு கோயிலிலிருந்து யாராவது அவவின் வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே போயிருக்கிறீர்களா?" என்று கேட்டேன். மூத்தவர் நிலத்தைப் பார்த்தார். ஒலிபெருக்கி பற்றிய பந்தியை மட்டும் எழுதிக் கொடுத்தேன். முழு மனுவையும் பின்னர் வேறொருவர் எழுதிக் கொடுத்ததாக அறிந்தேன்.

அம்மூவரையும் நான் குறைத்து மதிப்பவன் அல்லன். அவர்களுடைய அச்சத்துக்கு உலகத்திலே காரணம் இல்லாமலில்லை. 1978ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள், தென்னமெரிக்காவின் கயானாக் காட்டிலே, ஜிம் ஜோன்ஸ் என்னும் போதகரை நம்பிச் சென்ற 900க்கு மேற்பட்டோர் ஒரே நாளில் மாண்டனர். அவர்களுள் ஏறத்தாழ 300 பேர் சிறுவர். 1995 மார்ச் 20ஆம் நாள் ஓம் ஷின்ரிக்கியோ என்னும் கூட்டத்தார் தோக்கியோ நகரச் சுரங்க ரயில்களில் நச்சுவாயுவைப் பரப்பினர். 2023இல் கென்யாவிலே, பட்டினி கிடந்தால் பரமபதம் என்று போதித்தவனின் அடியாருடைய 400க்கு மேற்பட்ட சடலங்கள் காட்டிலே தோண்டியெடுக்கப்பட்டன. நம் நாட்டிலும் 2023 இறுதியிலே, பௌத்த போதனையைத் தன் போக்கிலே திரித்துப் பேசிவந்த ஒருவரும் அவர் குடும்பத்தாரும் அவரைப் பின்பற்றிய சிலரும் அடுத்தடுத்து உயிர்நீத்த செய்தி கொழும்புப் பத்திரிகைகளை நிறைத்தது.

நம்மவர் கதை ஒன்றும் உண்டு. அதைச் சொல்லாமல் மற்றவர் வளவை எட்டிப் பார்ப்பது முறையாகாது. மாத்தளையிற் பிறந்து அங்கே ஆச்சிரமம் நடத்திய பிரேமானந்தா என்பவர், 1983 கலவரத்தின் பின் தமிழகம் சென்றார். ஆதரவற்ற ஈழத்துப் பிள்ளைகள் பலர் அவருடைய பாதுகாப்பிலே சென்றனர். திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் இடையிலே 1989இல் அவர் அமைத்த ஆச்சிரமத்திலே நூற்றுக்கணக்கானோர் தங்கினர். வெளிநாட்டவர் வந்து வணங்கினர். வாயிலிருந்து இலிங்கம் வரவழைப்பார் என்று அடியார் மெய்சிலிர்த்தனர். 1994இல் அங்கிருந்து தப்பி வந்த பெண்ணொருத்தியின் வாயால் உண்மை வெளிப்பட்டது. 1997இல் புதுக்கோட்டை அமர்வு நீதிமன்றம், 13 பெண்கள்மீது பாலியல் வன்கொடுமை புரிந்தமைக்காகவும், அவ்வாச்சிரமத்திலிருந்த இலங்கைத் தமிழர் ஒருவரின் கொலைக்காகவும் அவருக்கு இரட்டை ஆயுட்டண்டனை விதித்தது. மரபணுச் சோதனை வழக்கிலே முக்கிய சான்றாயிற்று. இந்தியாவின் உச்ச நீதிமன்றம் 2005இல் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. 2011இல் கைதியாகவே அவர் இறந்தார்.

இவ்வழக்கை மாணவர்கள் ஊன்றிப் படித்தல் நன்று. அவரைச் சிறைக்கு அனுப்புவதற்குப் புதிய சட்டம் எதுவும் ஆக்கவேண்டியிருக்கவில்லை. ஆங்கிலேயர் காலத்துத் தண்டனைக் கோவையிலே உள்ள வன்கொடுமை, கொலை ஆகிய குற்றங்களே போதுமாயிருந்தன. அவருடைய இலிங்கம் மெய்யா பொய்யா என்பதை ஆராய்வது வழக்கின் நோக்கமன்று. இன்றும் அவரைக் குருவாகக் கொள்வோர் இலங்கையிலும் ஐரோப்பாவிலும் இருக்கின்றனர். அவர்களுடைய நம்பிக்கை எனக்கு விளங்குவதேயில்லை, ஆயினும் அதற்காக எவரும் அவர்களைக் கூண்டில் ஏற்றவில்லை. சீடன் நம்பியதைச் சட்டம் தொடவில்லை. குரு செய்ததைத் தொட்டது. ஆண்டுக்கணக்காகப் பிள்ளைகளின் வாய் அடைபட்டிருந்தமைக்குக் காரணம் சட்டத்தின் வறுமை அன்று. அகதிப் பிள்ளையை யார் வந்து பார்க்கின்றார், என்ன கேட்கின்றார் என்பதை விசாரிக்க ஊரும் இல்லை, உறவும் இல்லை. அங்கேதான் ஓட்டை இருந்தது.

ஆயின் மேனாடுகளில் வேறொரு வழி தோன்றிற்று. 1970களிலே அமெரிக்கப் பெற்றோர் பலர், தம் வளர்ந்த பிள்ளைகள் புதிய குருமாரையும் புதிய சபைகளையும் நாடிச் சென்றதைக் கண்டு கலங்கிச் சங்கங்கள் அமைத்தனர். பிள்ளை தானாக நம்பவில்லை, அதன் மூளை சலவை செய்யப்பட்டுவிட்டது என்பது அவர்கள் கொண்ட சித்தாந்தம். மூளை சலவை செய்யப்பட்டதாயின் அழுக்கைத் திரும்பவும் ஏற்றவேண்டுமல்லவா? அதற்கென்று கூலிபெறும் ஆட்கள் தோன்றினர். பிள்ளையைத் தெருவிலே வழிமறித்துத் தூக்கிச் சென்று, அறையிலே பூட்டி, நாட்கணக்காக வாதாடி நம்பிக்கையைக் கலைப்பது அவர்கள் தொழில். 1991இல் வாஷிங்டன் மாநிலத்திலே 18 வயதான ஜேசன் ஸ்கொட் என்னும் இளைஞனை இவ்வாறு கடத்தி ஐந்து நாள் அடைத்து வைத்தனர். ஏற்பாடு செய்தவர் பெற்ற தாயார். அவன் சேர்ந்திருந்தது பயங்கரக் கூட்டம் எதுவுமன்று. நம்மூரிலே 'அல்லேலூயாக்காரர்' என்று நாம் ஏளனமாகச் சொல்லும் பெந்தெகொஸ்தே சபையொன்றே. அவன் இறுதி நாளிலே மனம் மாறியவன்போல நடித்துத் தப்பினான், வழக்குத் தொடுத்தான். 1995இல் ஜூரிமார் ஏறத்தாழ 50 இலட்சம் டொலர் நட்டஈடு விதித்தனர். அக்காலத்து அமெரிக்காவிலே இத்துறையிற் பெயர்பெற்ற எதிர்ப்புச் சங்கம் அவ்வழக்கினால் 1996இல் வங்குரோத்தாயிற்று. அதன் பெயரையும் சின்னத்தையும் ஏலத்தில் வாங்கியவர், அச்சங்கம் நெடுங்காலம் எதிர்த்துவந்த சயன்டோலஜி அமைப்பைச் சேர்ந்த ஒரு வழக்கறிஞர்! புனைகதை எழுதுவோரும் இப்படி முடிக்கத் துணியார்.

அமெரிக்காவிலே பெற்றோர் செய்ததைப் பிரான்சிலே அரசாங்கமே கையேற்றது. 1994இல் சூரியக் கோயில் என்னும் கூட்டத்தார் சுவிற்சர்லாந்திலும் கனடாவிலும் 53 பேர் மாண்ட அதிர்ச்சியின் பின், பிரெஞ்சுப் பாராளுமன்றக் குழுவொன்று 1995இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 170க்கு மேற்பட்ட அமைப்புகளின் பெயர்கள் அதிலே பட்டியலாயின. பெயர் இடம்பெற்றோரை அழைத்து விசாரித்துத் தீர்மானித்த பட்டியல் அன்று அது. ஆயினும் பட்டியலில் இருப்பவன் வீடு வாடகைக்குக் கேட்டாலும், பிள்ளையின் பாதுகாப்புரிமை பற்றி வழக்காடினாலும், பட்டியல் அவனுக்கு முன்னே போய் நின்றது. யெகோவாவின் சாட்சிகள் பெற்ற நன்கொடைகளின்மீது நூற்றுக்கு 60 வீதம் வரி விதித்தனர். 2005இல் பிரதம மந்திரியே இத்தகைய பட்டியல்களை நம்பிக் கருமமாற்றவேண்டாம் என்று அதிகாரிகளுக்குச் சுற்றறிக்கை விடுத்தார். 2011இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவ்வரிவிதிப்பு மதச் சுதந்திரத்தை மீறியது எனத் தீர்ப்பளித்தது. இரஷ்யாவோ இன்னும் பல படி சென்றது. 2017 ஏப்பிரலில் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் அதே சாட்சிகளின் அமைப்பைத் 'தீவிரவாதம்' என்று தடைசெய்தது. ஆயுதம் தொடமாட்டோம் என்று படைச்சேவையை மறுப்போர் தீவிரவாதிகளாயினர்! வீட்டிலே கூடிப் பைபிள் வாசித்த குற்றத்துக்காக ஆறாண்டுச் சிறை பெற்றவரும் உண்டு.

இதற்கு மாறாக யப்பானை நோக்குங்கள். நச்சுவாயுவினால் தன் தலைநகரத்து மக்களையே பறிகொடுத்த நாடு அது. குற்றவாளிகளைப் பிடித்து விசாரித்தது. தலைவனும் சீடர் பன்னிருவரும் 2018இல் தூக்கிலிடப்பட்டனர். அவ்வமைப்பின் சட்டப் பதிவை நீதிமன்றம் கலைத்தது. ஆனால், அக்கூட்டத்தை அடியோடு தடைசெய்யவேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது, அதற்கென அமைந்த ஆணைக்குழு 1997இல் அதனை ஏற்க மறுத்தது. கண்காணிப்பு மட்டும் பின்னர் சட்டமாயிற்று. அண்மையிலே, முன்னாட் பிரதமர் ஷின்சோ அபேயின் கொலையை அடுத்து ஐக்கியச் சபை என்னும் அமைப்பின் பணம்பறிக்கும் முறைகள் அம்பலமானபோதும், 2022 டிசம்பரில் அவர்கள் ஆக்கிய சட்டம் நன்கொடையைப் பற்றியது. அச்சுறுத்தியோ, கடன்பட வைத்தோ காணிக்கை கேட்பது தடைசெய்யப்பட்டது. எதை நம்புவது என்பதைப் பற்றி அச்சட்டம் பேசவில்லை. இத்தகைய சட்டம் நம் நாட்டுக்கு வந்தாலும் நான் வரவேற்பேன். சைவக் கோயிலும் அதற்கு உட்படவேண்டும் என்பதை நம் தர்மகர்த்தாக்கள் வரவேற்பார்களோ அறியேன்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2003 டிசம்பரில் கங்கொடவில சோம தேரர் இரஷ்யாவிலே மரணமானார். அது கிறிஸ்தவர் சதி என்ற வதந்தி பரவிற்று. தென்னிலங்கையிலே தேவாலயங்கள் பல தாக்கப்பட்டன. அந்தக் கொதிப்பிலே 2004இல் ஜாதிக ஹெல உறுமயக் கட்சியினர் பலவந்த மதமாற்றத் தடைச் சட்டமூலத்தைப் பாராளுமன்றத்துக்குக் கொண்டுவந்தனர். பலவந்தம், மோசடி, ஆசைகாட்டல் ஆகியவற்றால் ஒருவரை மதம் மாற்றினால் ஐந்தாண்டு வரை சிறை. மாறியவரும் மாற்றியவரும் பிரதேச செயலாளருக்கு அறிவிக்கவேண்டும். சிலவகை மக்களை மாற்றினால் தண்டனை கூடுதல்: ஏழாண்டு வரை சிறை. யார் அந்தச் சிலவகை மக்கள்? சட்டமூலத்தோடு ஒரு பட்டியல் இணைக்கப்பட்டிருந்தது. சமுர்த்தி பெறுவோர், சிறைக்கைதிகள், மருத்துவமனை நோயாளர், மாணவர், அகதி முகாமில் இருப்போர் என்று அது நீண்டது. பெண்களுக்கும் சிறுவருக்கும் இதே பாதுகாப்பு.

வாசகர்கள் அப்பட்டியலை மறுமுறையும் வாசிக்கவேண்டும். 2009 மே மாதத்தின் பின், வன்னி மக்கள் ஏறக்குறைய எல்லாரும் மெனிக் பாமிலும் ஏனைய முகாம்களிலும் முட்கம்பிக்குள் இருந்தோம். அந்தச் சட்டமூலம் சட்டமாகியிருந்தால், கமக்காரனும் அதிபரும் மருத்துவரும் ஐயரும் அனைவரும், தன் மனத்தைத் தான் அறியமாட்டாத குழந்தையின் நிலையிலே சட்டத்தின்முன் நின்றிருப்போம். ஏழை, பெண், அகதி ஆகிய எவருக்கும் உண்மையான நம்பிக்கை தோன்றாது, வயிறும் பயமுமே அவர்களை நடத்தும் என்பது அதன் உட்பொருள். மெனிக் பாமிலே தறப்பாளுக்கு அருகில் மூன்று கல்லை நட்டு வைரவர் என்று கும்பிட்டவர்களுடைய நம்பிக்கையை நான் கண்ணாற் கண்டவன். வயிறு நிறைந்த காலத்திலே அத்தகைய வழிபாட்டை நான் கண்டதில்லை.

உயர் நீதிமன்றம் அவ்வாண்டு ஆகஸ்டிலே அச்சட்டமூலத்தின் சில வாசகங்கள், மனச்சாட்சிச் சுதந்திரத்தை உறுதிசெய்யும் அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரைக்கு முரணானவை என்று தீர்மானித்தது. தான் விரும்பும் மதத்தைக் கொண்டிருக்கவும் ஏற்கவும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்பது அவ்வுறுப்புரையின் சாரம். அவ்வாசகங்களை நிறைவேற்ற மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு பொதுசன வாக்கெடுப்பும் வேண்டும் என்றாயிற்று. சட்டமூலம் பல ஆண்டு கிடந்து காலாவதியாயிற்று. ஆயினும் அதற்கு முதலாண்டு, 2003இல், மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியர் சபையைச் சட்டப்படி கூட்டிணைக்கும் சட்டமூலத்திலே அதே நீதிமன்றம் வேறுவிதமாக நோக்கியது. கல்வி, மருத்துவம் ஆகிய தொண்டுகளோடு மதம் பரப்புவதும் சேர்ந்தால் அது வறியவருக்கு ஆசைகாட்டலாகலாம். பௌத்தத்துக்கு முதன்மையிடம் வழங்கும் 9ஆம் உறுப்புரைக்கும் பொருந்தாது என்பது அதன் கருத்து. ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு 2005இல் அதனை மதச் சுதந்திர மீறல் என்றது. தொண்டு செய்வதே குற்றத்துக்குச் சான்றாகுமாயின் இராமகிருஷ்ண மிஷனின் பள்ளிக்கூடங்களையும் பிள்ளைகள் இல்லங்களையும் என்ன செய்வது என்று கேட்க நம்மில் எவரும் அப்போது முன்வரவில்லை.

தமிழகத்திலும் இவ்வாறு நடந்ததுண்டு. 2002 ஒக்டோபரில் ஜெயலலிதா அரசாங்கம் கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. 2004 பாராளுமன்றத் தேர்தலிலே தமிழகத்துத் தொகுதிகள் அனைத்தையும் அவ்வணி இழந்தவுடன், அதே அம்மையார் அதே சட்டத்தை நீக்கினார். மனச்சாட்சி பற்றிய சட்டம் வாக்குப்பெட்டியின் ஏற்றத்தாழ்வுக்கு ஏற்ப வருவதும் போவதும் கண்டு, அதன் பெறுமதியை நாம் எடைபோடலாம்.

நம் வன்னியிலே, 2016 ஒக்டோபரில் வவுனியாவிலே சிவசேனை என்னும் அமைப்பு தொடங்கப்பட்டது. மதமாற்றத்தைத் தடுத்தல் அதன் முதன்மையான கோரிக்கைகளுள் ஒன்று. அவர்கள் சொல்லும் குறைகளெல்லாம் கற்பனை என்று நான் சொல்லேன். போரினால் எல்லாம் இழந்த குடும்பத்தின் வாசலிலே அரிசிப் பையோடு சென்று, பையை இறக்கிவைக்குமுன் பாவமன்னிப்பைப் பற்றிப் பேசுவது அநாகரிகம். உன் பிள்ளை இறந்தது நீ விக்கிரகத்தை வணங்கியதால் என்று ஒரு தாயிடம் சொல்பவன் எந்த மதத்தவனாயினும் கொடியவன். ஆனால் அநாகரிகம் வேறு, குற்றம் வேறு. குற்றமல்லாத அநாகரிகத்துக்கு மருந்து பொலீஸ் நிலையத்திலே கிடையாது.

ஆறுமுக நாவலர் பெருமான் இதனை நன்கு அறிந்தவர். பாதிரிமாரின் பள்ளிக்கூடத்தில் பயின்று, பேர்சிவல் பாதிரியாரோடு அமர்ந்து விவிலியத்தைத் தமிழாக்க உதவியவர் அவர். ஊரையும் உள்ளத்தையும் மிஷன் கல்வி எவ்வாறு மாற்றுகின்றது என்பதை உள்ளிருந்தே கண்டவர். கண்டு என்ன செய்தார்? மகாராணியாருக்கு மனுவெழுதிப் பாதிரிமாரைக் கப்பலேற்றச் சொல்லவில்லை. 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார், அச்சியந்திரம் கொணர்ந்தார், 1854இல் சைவதூஷண பரிகாரம் எழுதிக் கண்டனத்துக்குக் கண்டனம் தந்தார். அவருடைய நாவின் சூடு நமக்கு இன்று சற்று மிகையாகத் தோன்றலாம். ஆனால் அது நாவின் சூடு, சிறைக்கதவின் பூட்டன்று. அவருக்குப் பல நூற்றாண்டு முற்பட்ட அருணந்தி சிவாசாரியாரும் சிவஞான சித்தியாரின் பரபக்கத்திலே, உலகாயதர் முதலாகப் புறச்சமயத்தார் ஒவ்வொருவரின் கொள்கையையும் முதலில் அவர் கூற்றாகவே எடுத்துரைத்து, அதன் பின்னரே மறுக்கின்றார். மாற்றானின் வாதத்தை மாற்றானே ஒப்புக்கொள்ளும் வகையிற் சொல்லக்கூடியவனுக்கே மறுக்கும் உரிமை உண்டு என்பது அந்த நூலின் அமைப்பிலேயே உள்ளது. உயர்தர வகுப்பிலே இந்துநாகரிகம் படிக்கும் பிள்ளைகள் அகச்சமயம், புறச்சமயம் என்ற வகுப்புகளை மனனஞ்செய்வதோடு நின்றுவிடாமல் இதனையும் கவனிக்கவேண்டும்.

மதம் மாறியவனை அரசன் தண்டித்த கதையும் நம் பெரியபுராணத்திலேயே இருக்கின்றது. மருணீக்கியார் சமணஞ் சார்ந்து தருமசேனர் ஆனார். சூலை நோயின்பின் தமக்கையார் திலகவதியாரிடம் மீண்டுவந்து சைவரானார். அரசன் சமணன். குருமார் முறையிட்டனர். நீற்றறை, நஞ்சு, யானை, கல்லோடு கடல் என்று தண்டனை தொடர்ந்தது. அக்கதையைக் கேட்டு நாம் எவருக்காகக் கண்ணீர் விடுகின்றோம்? சமணரின் பார்வையிலே அப்பர் பெருமான் தமக்கையின் பேச்சால் மயங்கிய மனிதர்; திருநீறு கொடுத்து ஆசைகாட்டப்பட்ட நோயாளி. மாணிக்கவாசகரின் கதையை ஒரு பிரெஞ்சு விசாரணைக் குழுவிடம் கொடுத்தால் என்ன எழுதும்? அரசாங்கப் பணத்தோடு சென்ற மந்திரி, வழியிலே ஒரு குருவைக் கண்டு, பணம் முழுவதையும் கோயிலுக்குச் செலவிட்டு, பதவியும் துறந்தார். இதைவிடத் தெளிவான வழக்கு அவர்களுக்குக் கிடைக்குமா? நல்லூர்த் தேரடியிலே செல்லப்பா சுவாமிகளைப் பைத்தியம் என்று ஒதுங்கிச் சென்றவர்களே மிகுதி. அரசாங்க வேலையை விட்டு அந்தப் 'பைத்தியத்தின்' பின்னால் அலைந்த இளைஞர்தாம் பிற்காலத்தில் யோகர் சுவாமிகள் ஆனார்.

வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்குச் சென்றவர் அனைவரும் அறிவர்: கடல்நீரை அள்ளிவந்து அந்நீரிலே விளக்கெரிக்கின்றோம். தூக்குக் காவடியிலே முதுகுத் தோலிற் கொழுக்கி ஏற்றித் தொங்குகின்றோம், தீமிதிக்கின்றோம். நமக்கு இவை கண்ணீர் மல்கும் பக்தி. பட்டியலும் பேனாவும் கொண்டு வெளியிலிருந்து வரும் அதிகாரிக்கு இவை எவ்வாறு தோன்றும்? அவர் கையிலே நாம் கொடுக்கும் அளவுகோல் தகரக் கொட்டகையை மட்டும் அளந்துவிட்டுத் திரும்பிப் போய்விடும் என்று நம்புவது பேதைமை.

இது வெறுங் கற்பனை அன்று. 2008 ஒக்டோபரிலே சமய அலுவல்களுக்குரிய அமைச்சு ஒரு சுற்றறிக்கை விடுத்தது: புதிய வழிபாட்டிடம் அமைக்க முன்னனுமதி வேண்டும். கிராமத்து ஜெபவீடுகளை மூடுவதற்கு அதிகாரிகள் அதிகமாகக் காட்டியது அந்தக் காகிதமே. 'நல்லது, நமக்கு என்ன?' என்று இருந்தோம். பின்னர் என்ன கண்டோம்? வவுனியா வடக்கிலே வெடுக்குநாறி மலை ஆதிலிங்கேசுவரர் ஆலயத்திலே 2023 மார்ச்சில் விக்கிரகங்கள் உடைத்தெறியப்பட்டன. மறுவருடம் மார்ச் 8ஆம் நாள் சிவராத்திரியன்று, வழிபடச் சென்றோருள் எண்மர் கைதாகிச் சிறையிருந்து, 19ஆம் நாளே நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர். அங்கே காட்டப்பட்டது தொல்பொருட் சட்டம். முல்லைத்தீவு நாயாற்று நீராவியடிப் பிள்ளையார் கோயிற் கேணியருகே, நீதிமன்றக் கட்டளையை மீறி 2019 செப்டெம்பரில் ஒரு பிக்குவின் உடல் தகனஞ் செய்யப்பட்டது. காகிதத்தின் தலைப்பு ஒவ்வோரிடத்திலும் வேறு. அனுமதி பெற்றுக் கடவுளைக் கும்பிடு என்னும் உள்ளடக்கம் ஒன்றே. வெடுக்குநாறியிலே அந்த உள்ளடக்கத்தை எதிர்த்து ஊர்வலம் போகும் நாம், நம் கிராமத்திலே அதே உள்ளடக்கத்துக்கு மனுவெழுதுகின்றோம். திருக்கேதீசுவரத்திலே 2019 சிவராத்திரிக்கு முந்தினநாள் அலங்கார வளைவு பிடுங்கப்பட்டபோது நமக்கு எவ்வளவு நொந்தது! தகரக் கூரைக்குக் கீழே இருப்பவர்களுக்கும் அதே நெஞ்சுதான்.

நம் முன்னோர் இதனை அனுபவித்து அறிந்தவர்கள். போர்த்துக்கேயர் கோயில்களை இடித்தனர். ஒல்லாந்தர் ஞானஸ்நானம் பெறாதவனுக்கு உத்தியோகம் இல்லை என்றனர். விரத நாளிலே வாழையிலையில் உண்டுவிட்டு, அந்த இலையை வெளியே எறிந்தால் ஆள் அகப்படுவான் என்று கூரை இறப்பிலே செருகி மறைத்தார்கள் என்று பெரியோர் சொல்வர். பகலிலே தேவாலயத்திற் பெயர் கொடுத்து, இரவிலே கூரையில் இலை செருகிய அம்மக்களின் பிள்ளைகள் நாம். சட்டத்துக்குப் பயந்து வாய் சொல்வது ஒன்று, நெஞ்சிலே இருப்பது வேறொன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

மதம் மாறுவோரின் காரணங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1968இலே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே, சாதியின் பெயரால் உள்ளே விடப்படாதோர் சத்தியாக்கிரகம் இருக்கவேண்டியிருந்தது. வன்னியிலே நிலைமை அவ்வளவு கடுமையன்று என்று நாம் பெருமைப்படுவதுண்டு. ஆயினும் எத்தனை கோயிலில் யாருக்குத் திருவிழா உண்டு, யாருக்கு இல்லை என்று எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும். கணவனை இழந்தவளை மங்கல காரியத்தில் முன்னே நிற்கவிடாத ஊரிலே, "சகோதரி, முன்னே வந்து இருங்கள்" என்று ஒரு குரல் கேட்டால் அவள் போகமாட்டாளா? அதை ஆசைகாட்டல் என்று எந்த நீதிமன்றத்திலே நிறுவுவது?

முல்லைத்தீவிலிருந்து ஒரு தந்தையார் இப்பகுதிக்கு எழுதிய கடிதம் மேசைமேல் இருக்கின்றது. 19 வயதான மகள், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இருப்பவள், சில மாதமாக ஒரு ஜெபக் கூட்டத்துக்குப் போகின்றாளாம். பொலீஸாரிடம் முறையிடலாமா என்று கேட்கின்றார். ஐயா, முறையிடலாகாது. இந்நாட்டுச் சட்டப்படி 18 வயது நிரம்பியவர் பராயமடைந்தவர். அவளுடைய மனச்சாட்சிக்கு அவளே உடையவள். நீங்கள் கவனிக்கவேண்டியவை வேறு. அவளிடம் பணமோ நகையோ கேட்கின்றார்களா? மருத்துவரிடம் போகவேண்டாம் என்கின்றார்களா? படிப்பை நிறுத்தச் சொல்கின்றார்களா? வீட்டாரோடு பேசாதே, இங்கே நடப்பதை வெளியே சொல்லாதே என்கின்றார்களா? பெரியவர் எவராவது அவளைத் தனியே அழைக்கின்றாரா? இவற்றுள் ஒன்று இருந்தாலும் தாமதியாமற் செயற்படுங்கள். அது கோயிலில் நடந்தாலும் ஆச்சிரமத்தில் நடந்தாலும் அப்படியே செய்யவேண்டும். ஒன்றும் இல்லையாயின், அடுத்த ஞாயிறு நீங்களும் அவளோடு ஒருமுறை போய்ப் பின்வரிசையிலே இருந்து கேட்டுவிட்டு வாருங்கள். நெற்றித் திருநீற்றை அழிக்காமலே போகலாம். அவள் எதைக் கண்டு அங்கே போகின்றாள் என்று அவளையே கேளுங்கள். முழுவதும் சொல்லி முடிக்கவிடுங்கள். வெள்ளிக்கிழமை விரதச் சாப்பாட்டுக்கு அவள் வீட்டில் நிற்பாளாயின், வழக்கம்போல அவளுக்கும் இலை போடச் சொல்லுங்கள்.